விலைச்சீட்டில் மாடல் எண் எங்கே?

‘ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, லைட் எரியும் கேபினட்.’ நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பிள்ளைக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கடையேறும் குடும்பத்தின் கையில் சில வேளை இப்படியொரு துண்டுச்சீட்டுதான் வந்து சேர்கிறது. அடியில் ஒரு மொத்தத் தொகை. “பயப்படாதீங்க அக்கா, எல்லா கேமும் ஓடும், நாலு வருசத்துக்குப் பிள்ளை ஒண்ணும் கேக்க மாட்டான்” என்ற உறுதி வாய்ப்பேச்சாக வரும். அந்தச் சீட்டில் ஒரு பொய்கூட இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது 2011ஆம் ஆண்டுச் சரக்கா, 2024ஆம் ஆண்டுச் சரக்கா என்று எந்த எஞ்சினியராலும் சொல்ல முடியாது.

முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இன்டெல் நிறுவனத்தின் ஐ7-2600 ப்ராசஸர் 2011 ஜனவரியில் வந்தது. இன்றைக்கும் அதன் பெயர் ஐ7தான். அதே நிறுவனம் 2022 ஜனவரியில் ஐ3-12100எஃப் என்ற ஒன்றை விற்பனைக்கு விட்டது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் இடையில் பதினோரு ஆண்டு வடிவமைப்பு முன்னேற்றம் இருப்பதால் கேம் ஓட்டுவதில் அந்த ஐ3 இந்த ஐ7ஐ வெகுதூரம் பின்தள்ளிவிடும். விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்கிறது: 2600 என்றால் இரண்டாவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. கடைசியில் நிற்கும் ‘எஃப்’ என்ற ஓர் எழுத்துக்குக்கூடப் பொருள் உண்டு. அந்த ப்ராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது.

கிராபிக்ஸ் கார்டில் குழப்பம் இன்னும் அதிகம். ‘4 ஜிபி’ என்பது அந்தக் கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவு. அதன் வேகம் வேறு விஷயம். 2014இல் வந்த ஜிடி 730 கார்டும் 4 ஜிபியில் கிடைத்தது. இன்றைய பெரிய கேம்களை அது இழுக்காது. ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதும் உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 முதலில் 8 ஜிபி நினைவகத்தோடும் 2,560 கணிப்பு மையங்களோடும் வந்தது. 2024இல் அதே பெயரில் 6 ஜிபி, 2,304 மையங்களோடு இன்னொன்று வந்தது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வகை. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வேறுபாடு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

வடசேரி சந்தையில் யாரும் ‘ஒரு சீப்பு பழம்’ என்று மட்டும் கேட்டுப் பணத்தை நீட்டுவதில்லை. மட்டியா, செந்துளுவனா, ரசகதலியா, ஏத்தனா என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். காய் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் அந்த உரிமை வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் குமரி. இங்கே ஒரு குடும்பம் பல மாதச் சேமிப்பைத் துண்டுச்சீட்டை நம்பிக் கொடுக்கும் நிலை நீடிக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர் பெயர், முழு மாடல் எண், தனி விலை, வாரண்டிக் காலம் ஆகிய நான்கும் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும். கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. இதற்குச் செலவும் கிடையாது.

கடையில் எழும் அடுத்த பேச்சு பில்லைப் பற்றியது. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 50,000 ரூபாய்ச் சரக்கு வரியோடு 59,000 ஆகிறது. “பில் வேண்டாம்னா கொறச்சுத் தாரேன்” என்று யாராவது சொன்னால் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஒன்பதாயிரம் கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணத்தோடு கைவிட்டுப் போவது எது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ப்ராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்கு வழக்கமாக மூன்று ஆண்டு வாரண்டி கிடைக்கிறது. அதைக் கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டரில் பார்ப்பது சீரியல் நம்பரையும் பில்லையும்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. தகராறு வந்தால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். இத்தனை கதவுகளுக்கும் சாவி, மாடல் எண் எழுதிய பில்தான்.

இனி, பணத்தை எங்கே போடுவது? பலரும் கிராபிக்ஸ் கார்டில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். 1080பி எனப்படும் முழு எச்டி திரையில் ஒரு படத்துக்கு சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 82.9 லட்சம். சரியாக நான்கு மடங்கு. அவ்வளவையும் ஒரு நொடிக்கு அறுபது தடவை வரைந்து தள்ள வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் வேலை. உலகின் பெரிய கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் நெடுங்காலமாக முதலிடத்தில் இருப்பது 1080பி திரைதான். பட்ஜெட்டில் வாங்குபவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. 24 அங்குல 1080பி மானிட்டர் என்று முடிவு செய்துவிட்டால், விலை உயர்ந்த கார்டுகளில் பாதி தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

அடுத்தது, பிள்ளை உண்மையில் என்ன விளையாடுகிறான் என்பது. வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 ஆகியவைதான் ஆசை என்றால் தொடக்கத்தில் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸே அவற்றைக் குறைந்த அமைப்புகளில் ஓட்டிவிடும். நல்ல மதர்போர்டும், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் இப்போது போட்டு, கார்டை அடுத்த ஆண்டு போனஸிலோ தீபாவளிக்கோ சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு விட்டுக்கொடுத்தலும் உண்டு: 5600ஜியில் கேஷ் நினைவகம் 16 எம்பி, வெறும் 5600இல் 32 எம்பி. பின்னால் கார்டு போடும்போது 5600 கொஞ்சம் முந்தும். கார்டையும் இன்றே வாங்க முடிகிறவர் ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் போன்ற ஆறு கோர் ப்ராசஸரோடு நின்றுகொள்ளலாம். ப்ராசஸரில் இன்னும் ஒரு படி ஏறுவதைவிட அந்தப் பணத்தை கார்டில் போட்டால்தான் 1080பி திரையில் பலன் கண்ணுக்குத் தெரியும்.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாலாண்டுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்ற யோசனை வேண்டும். ப்ராசஸரைப் பொருத்தும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில், போர்டின் உள் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து 2022இல் வந்த ரைசன் 5 5600ஐப் பொருத்த முடிந்தது. ஐந்தாண்டு பழைய போர்டு தூக்கிப் போடப்படவில்லை. இப்போது ஏஎம்4க்கு வயதாகிவிட்டது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். பட்ஜெட் உடைவது அங்கேதான்.

ரேமின் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டன. ரேமுக்கான டிராம் சிப்புகளின் உலக உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அவற்றில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கான தன் ‘க்ரூஷியல்’ வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உலகின் மறுமூலையில் எடுத்த முடிவு நாகர்கோவில் கடையின் விலைப்பலகையை மாற்றுகிறது. ஆகவே வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால், அதை ஏற்கும் போர்டைத் தேடுவது புத்திசாலித்தனம். புதிதாக வாங்குகிறவர், 16 ஜிபியை ஒரே பட்டையாக வாங்குவதைவிட எட்டு எட்டாக இரண்டு பட்டை கேட்பது நல்லது. டிடிஆர்4-3200 ரேமில் ஒரு பட்டை நொடிக்கு 25.6 ஜிபி தரவை நகர்த்தும். இரண்டு சேர்ந்தால் 51.2. உள்ளிணைந்த கிராபிக்ஸை நம்பி இருப்பவருக்கு இந்த வேறுபாடு கேமின் ஓட்டத்திலேயே தெரியும்.

சீட்டில் பெரும்பாலும் எழுதப்படாமல் விடுபடுவது எஸ்எம்பிஎஸ். ‘கேபினட்டோட வருது’ என்று கடந்துவிடுவார்கள். அதைக் கையில் வாங்கிப் பக்கவாட்டு லேபிளைப் படித்துப் பார்ப்பது நல்லது. ‘450 வாட்’ என்று பெரிதாக இருக்கும். அதன் கீழே சின்னக் கட்டங்களில் 12 வோல்ட் என்ற பத்திக்கு நேரே ஆம்பியர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த வரியிலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 232. லேபிளில் 450 என்று போட்டிருந்தும் அந்தப் பெட்டி திணறும். கேம் நடுவே கம்ப்யூட்டர் அணைந்து எழும். கெட்ட வேளையாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 36 ஆம்பியருக்கு அருகில் இருக்கும், அதாவது 430 வாட்டுக்குச் சற்று மேல். ‘80 ப்ளஸ்’ சான்று உண்டா என்றும் பார்க்கலாம். அது மின்சாரம் வீணாகாத திறனுக்கான சான்று. மிக மலிவான சரக்கை விலக்க உதவும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிப்பது எந்த ஊரிலும் தவறு. குமரி மாவட்டத்தில் அது பெருந்தவறு. தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மக்கள் மறக்கவில்லை. மின்சாரம் போய்ப் போய் வரும் வேளையில் ஏறி இறங்கும் வோல்டேஜை முதலில் வாங்கிக்கொள்வது எஸ்எம்பிஎஸ். அதற்கும் முன்னால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றில் மூன்றாவது துளை பேருக்குத்தான். எர்த் கம்பி அதுவரை வந்திருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றால் கம்ப்யூட்டர் கடைக்கு முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.

ஆகவே பட்ஜெட்டில் ஒரு யுபிஎஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடம் ஒதுக்குவது கட்டாயம். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி சில நிமிடங்களுக்கு மேல் கேமிங் கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்தாது. விளையாட்டைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அந்த நேரம் போதும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுகிற பழக்கம் வீடுகளில் உண்டு. அதோடு மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னலின் அதிர்ச்சி அந்தச் செம்புக் கம்பி வழியாகவும் மதர்போர்டுக்குள் நுழையும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலடியில் கம்ப்யூட்டரை வைக்காதிருப்பது நல்லது. முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட, வண்ண விளக்குக் கேபினட் காற்றை அடைக்கும். இந்த வெக்கைக்கு முன்பக்கம் வலை வைத்த சாதாரணக் கேபினட்தான் ஏற்றது, விலையும் குறைவு.

எங்கே வாங்குவது என்பதில் இந்த மாவட்டத்துக்கென்று சில கேள்விகள் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ லீவுக்கு வரும்போது கிராபிக்ஸ் கார்டு கொண்டு வரச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அமீரகத்தில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். விலை குறைவாகத் தெரியும். ஆனால் பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அந்தக் கார்டு இங்கே பழுதானால் மாமாவின் அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போட்டி அதிகம், பேரம் பேசலாம். ஆனால் சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி ரயிலேற வேண்டும். மிகக் குறைவாகப் பழுதாகும் ப்ராசஸரை வெளியூரிலோ இணையத்திலோ வாங்கலாம். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் மூன்றையும் உள்ளூரில், முறையான பில்லோடு, சற்றுக் கூடக் கொடுத்தாவது வாங்குவது நல்லது. வாசலில் போய் நின்று கேட்கக்கூடிய கடைக்காரருக்கு ஒரு மதிப்பு உண்டு.

மலிவு விலைக்கு விற்கப்படும் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்றவை உழைப்பாளி மெஷின்கள். படிப்புக்கும் டைப்பிங்குக்கும் நன்றாக ஓடும். ஆனால் அவற்றில் பல மாடல்களின் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் செய்தவை. பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே நுழையாது. நுழைந்தாலும் அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனி ஒயர் இருக்காது. பழைய கார்டுகளிலும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளால் உருவாக்கும் மைனிங் முறை நின்றபோது, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் உலகமெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்குபவர் அதை ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

‘விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?’ என்று கேட்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்ததைத் தமிழகம் கண்டிருக்கிறது. மாநில அரசு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. அந்த வேறுபாட்டை வீட்டிலும் பேசலாம். இதே கம்ப்யூட்டரில்தான் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகலாம், கல்யாண வீடியோ எடிட் பண்ணலாம், கோடிங் எழுதலாம். கோணத்திலும் சுங்கான்கடையிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு, ஒவ்வொரு பாகத்தையும் தெரிந்து தேர்ந்து தன் கையால் பொருத்துவதே ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம்.

மாவட்டத்துக் கம்ப்யூட்டர் விற்பனையாளர்கள் ஒரு பொதுவான கொட்டேஷன் படிவத்தை வைத்துக்கொண்டால் நேர்மையாக வணிகம் செய்பவருக்குத்தான் லாபம். இப்போது நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டு 60,000 சொல்லும் கடைக்காரர், எதையோ போட்டு 54,000 சொல்பவரிடம் வாடிக்கையாளரை இழக்கிறார்; ஏன் ஆறாயிரம் கூட என்பதைக் காட்ட அவரிடம் எழுத்து இல்லை. பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மே, ஜூன் மாதங்களில் ஒரு நாள் ஒதுக்கி, கொட்டேஷனோடு வரும் குடும்பங்களுக்குத் தங்கள் மாணவர்களைக் கொண்டே அதைப் படித்துச் சொல்ல வைக்கலாம்.

அதுவரை, வாங்கும் அன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். மீதிப் பணம் கொடுக்கும் முன் கேபினட்டின் பக்கப் பலகையைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணையும் சீரியல் நம்பரையும் பில்லோடு ஒப்பிட்டு, போனில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டால் உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும். போலிக் கார்டுகள் பலவற்றை ஜிபியு-இசட் அடையாளம் காட்டும். பிறகு கடையிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட வேண்டும். சூடும் சத்தமும் சரியாக இருந்து, மெஷின் அணையாமல் நின்றால் காலிப் பெட்டிகளையும் சேர்த்து வண்டியில் ஏற்றலாம். வாரண்டிக்கு அனுப்பும்போது அவையும் கைகொடுக்கும்.